பழுது பிறந்த நாள்: பழைய காரின் எஞ்சினும் வாங்கினவர் உரிமையும்

பிறர் ஓட்டிப் பழகிய மோட்டார் கார் ஒன்றை வியாபாரியிடம் விலைக்கு வாங்கி, பெயர் மாற்றமும் முடிந்து, ஆர்.சி. புத்தகம் கைக்கு வந்த ஒரு மாதத்திலோ மூன்று மாதத்திலோ, நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இறுகி நின்றுபோனால், அந்த நஷ்டம் யாரைச் சேர்ந்தது என்ற வினாவுக்கு நம்மிடையே வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கின்றன. விற்றவர், "பழைய வண்டி அல்லவா, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். வாங்கினவரோ, "தெரிந்தே என் தலையில் கட்டிவிட்டார்" என்கிறார். இரண்டும் மனித சுபாவத்துக்கு இயல்பான பேச்சுக்களே; ஆனால் நியாயஸ்தலத்தின் முன் இவற்றில் எதுவும் தனியே நிற்பதில்லை. அங்கே எழுகின்ற கேள்வி, எஞ்சினை நிறுத்திய பழுது விற்பனை நாளன்றே அதனுள் இருந்ததா, அல்லது அதற்குப் பிறகு உண்டானதா என்பது. அதைக் காட்டிலும் கனமான கேள்வி ஒன்று அதன் பின்னால் நிற்கிறது: அந்த நாளை யார் நிரூபிப்பது? பழைய காரை வாங்குகிறவருடைய உரிமை என்று நாம் பேசுவதெல்லாம், என் அபிப்பிராயத்தில், பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விக்குச் சட்டம் கொடுக்கும் விடையைப் பொறுத்தே உயிர் பெறுகிறது அல்லது உயிரற்றுப் போகிறது.

இது அற்ப விஷயமன்று. புதுக் கார் வாங்கச் சக்தியில்லாத குடும்பமும், வாடகைக்கு ஓட்டிப் பிழைக்க எண்ணும் இளைஞனுமே பெரும்பாலும் பத்து வருஷ வண்டியைத் தேடிப் போகிறார்கள். அவர்கள் கொடுக்கும் கிரயம் சேமிப்பிலிருந்தோ, நகைக் கடனிலிருந்தோ வருவது. எஞ்சினை இறக்கிப் பிரித்து, போர் போட்டு, பிஸ்டன் மாற்றி, மறுபடி ஏற்றுவதற்கு ஆகும் செலவு, அத்தகைய வண்டியின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடுகிறது. ஆகவே எஞ்சின் போயிற்று என்றால் அநேகமாக வண்டியே போயிற்று என்றுதான் அர்த்தம்.

எஞ்சினுடைய இயல்பைச் சற்றே அறிந்துகொள்ளாமல் இந்த விவகாரத்தின் சிக்கலை அறிந்துகொள்ள இயலாது. உள்ளே சுழலும் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று எப்பொழுதும் இருந்தாக வேண்டும். அந்தப் படலம் அறுந்த கணத்தில் உலோகம் உலோகத்தோடு உராய்ந்து, சூடேறி, ஒன்றோடொன்று பற்றிக்கொள்கிறது. இதைத்தான் பட்டறையில் எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது என்கிறார்கள். எண்ணெய் இல்லாமற்போனதற்குக் காரணம் பல. வருஷக்கணக்கில் ஆயில் மாற்றாமல் ஓட்டியதால் உள்ளே கருஞ்சேறு படிந்து குழாய்களை அடைத்திருக்கலாம். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து வண்டி ஆயிலைக் குடித்திருக்கலாம். ஆயில் பம்பு தளர்ந்திருக்கலாம். மற்றொரு வகையில், ரேடியேட்டர் அடைத்தோ வாட்டர் பம்பு பழுதாகியோ வெப்பம் ஏறி, ஹெட் கேஸ்கெட் எரிந்து, தண்ணீரும் எண்ணெயும் கலந்து பால்போல் வெளுத்துவிடுவதும் உண்டு. இன்னும் சில எஞ்சின்களில் டைமிங் பெல்ட் என்னும் பல் வைத்த ரப்பர் பட்டை, ஓடிய தூரத்தால் மட்டுமின்றி வயதினாலும் நைந்து, எந்த முன்னறிவிப்பும் கொடுக்காமல் அறுந்து, அதே விநாடியில் வால்வுகள் பிஸ்டன்மேல் மோதி வளைந்துபோகின்றன.

இவற்றில் ஒவ்வொன்றும் விற்பனைக்கு நெடுநாள் முன்பே விதைக்கப்பட்ட பழுதாக இருக்கக் கூடும். அதே சமயம், சிவப்பு ஆயில் விளக்கு எரிவதைப் பார்த்தும் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று வாங்கினவர் ஓட்டியதாலும், வெப்பமானியின் முள் ஏறியதைக் கவனியாமல் மலைப்பாதை ஏறியதாலும் இதே சேதம் உண்டாகக் கூடும். உருகிப்போன பேரிங்கைக் கையில் எடுத்துப் பார்க்கும் அனுபவசாலியான மெக்கானிக்குங்கூடப் பல சமயங்களில் காரணத்தைச் சொல்லுவாரேயன்றித் தேதியைச் சொல்ல மாட்டார். இந்த இருட்டுக்குள் வஞ்சனையும் புகுந்துகொள்கிறது. கெட்டி ஆயிலை ஊற்றி எஞ்சினின் தட்டும் ஓசையை அமுக்குவது, வாங்க வருபவர் வருவதற்குமுன் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பதனால் காலைக் குளிரில் தள்ளும் புகையை மறைப்பது, ஸ்கேனரைச் செருகி எச்சரிக்கைக் குறியீடுகளை அழித்துவிடுவது, மீட்டரைப் பின்னுக்குத் திருப்புவது ஆகிய யுக்திகள் இத்தொழிலில் யாவரும் அறிந்தவையே. எல்லா வியாபாரிகளும் இவ்விதம் செய்கிறார்கள் என்று கூறுவது பெரும் அநியாயம். ஆனால் ஒருவர் செய்தால் அதை வாங்குகிறவர் கண்டுபிடிக்க முடியாது என்பது பிரத்தியட்சம்.

வாங்குகிறவரே விழித்திருக்கக் கடவர் என்பது ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தின் பழைய சித்தாந்தம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்து வயது பார்த்து, சுழி பார்த்து, நாலு அடி நடக்கவிட்டு நடை பார்த்து, பிறகு துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிற உழவனுக்கு அந்தச் சித்தாந்தத்தில் குறையொன்றும் இல்லை. அவனுடைய கண்ணுக்கும் விற்பவனுடைய கண்ணுக்கும் மாடு ஒரே அளவில்தான் தெரிகிறது. இரும்புக் கூட்டுக்குள் பூட்டப்பட்ட யந்திரத்துக்கு அதைப் பொருத்தியபோதுதான் அது அநீதியாயிற்று. பிரிட்டனில் 1893-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், வியாபாரமாக விற்பவருடைய விஷயத்தில் இந்தச் சித்தாந்தத்தைத் தளர்த்தி, சரக்கு விற்பனைக்குகந்த தரத்தில் இருக்கும் என்றும், வாங்குகிறவர் தெரிவித்த காரியத்துக்குத் தகுதியாயிருக்கும் என்றும் சொல்லாமலே சொன்னதாகக் கொள்ளப்படும் நிபந்தனைகளை வகுத்தது. அந்தச் சட்டமே 1896-இல் இலங்கையின் கட்டளைச் சட்டமாகவும், 1930-இல் நம் சரக்கு விற்பனைச் சட்டமாகவும் கடல் கடந்து வந்தது. நம் சட்டத்தின் 16-ஆவது பிரிவைப் படிக்கிறவர், 1893-ஆம் ஆண்டின் குரலைத்தான் ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை கேட்கிறார்.

அந்தப் பிரிவில் இரண்டு வாசல்கள் விற்பவருக்காகத் திறந்து கிடக்கின்றன. வாங்குகிறவர் சரக்கைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரியவந்திருக்க வேண்டிய குறைகளுக்கு நிபந்தனை பொருந்தாது. அன்றியும், வியாபாரப் பெயரைச் சொல்லி ஒரு பொருளை வாங்கினால் அது குறிப்பிட்ட காரியத்துக்குத் தகும் என்ற நிபந்தனையும் கிடையாது. காரெல்லாம் வியாபாரப் பெயரில்தானே விற்கப்படுகின்றன என்று ஒரு வக்கீல் வாதிட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு 1925-இலேயே இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடை கூறியிருக்கிறது. சுற்றுலாப் போவதற்குச் சுகமான கார் ஒன்று வேண்டும் என்று கேட்டவருக்கு வியாபாரிகள் புகாட்டி காரைச் சிபாரிசு செய்தனர். வந்த வண்டி அந்த நோக்கத்துக்குப் பொருந்தவில்லை. பெயரைச் சொல்லி வாங்கியிருந்தாலும் விற்பவருடைய அறிவை நம்பி வாங்கினவருக்குப் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே, "எனக்கு டாக்ஸிக்கு ஓட்ட வேண்டும், தினமும் நூறு கிலோமீட்டர் போகும், இந்த எஞ்சின் தாங்குமா?" என்று வாங்குமுன் எழுத்தில் கேட்டு வைப்பது வெறும் வம்பு அன்று; 16-ஆவது பிரிவின் கதவைத் திறக்கும் செயல் அது.

பழைய காருக்கு என்ன தரத்தை எதிர்பார்க்கலாம் என்பதை ஆங்கிலேய நீதிபதிகள் வழக்குக்கு வழக்கு தட்டித் தட்டித்தான் உருவாக்கினார்கள். 1965-இல் ஒரு பழைய ஜாகுவார் விவகாரம் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. கிளச்சில் குறை இருக்கிறது என்று வியாபாரி முன்கூட்டியே சொல்லி, அதற்காக விலையையும் குறைத்துக் கொடுத்திருந்தார். ரிப்பேர் செலவோ எதிர்பார்த்ததற்கு மேல் போய்விட்டது. பழைய காரை வாங்குகிறவர் இன்றோ நாளையோ பழுதுகள் தலைகாட்டும் என்பதை எதிர்பார்த்தே வாங்க வேண்டும் என்றும், பாதுகாப்பாக ஓட்டக்கூடிய நிலையில் இருந்தால் அது பூரணமாக இல்லாவிட்டாலும் விற்பனைக்குகந்ததே என்றும் கூறி, டென்னிங் பிரபு வியாபாரிக்குச் சாதகமாகத் தீர்த்தார்.

இந்தத் தீர்ப்பை மட்டும் பார்த்தால் பழைய காரில் எஞ்சின் போனவருக்கு நம்பிக்கையே இல்லை என்று தோன்றும். ஆனால் அதே டென்னிங் பிரபு பத்து வருஷம் கழித்து, 1975-இல், மற்றொரு ஜாகுவார் வழக்கில் கூறியதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். எட்டு வயதான வண்டி அது. 82,165 மைல் ஓடியது. 390 பவுனுக்கு விற்கப்பட்டது. வாங்கினவர் மூன்று வாரத்தில் சுமார் 2,300 மைல் ஓட்டினார். அதன்பின் எஞ்சின் இறுகி நின்றது. விற்பனை நாளில் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதற்குப் பிறகு இரண்டாயிரம் மைலுக்கு மேலும் ஓடியது, ஆகவே அன்றைக்கு அது தகுதியானதே என்று வியாபாரி வாதித்தார். தகுதி என்பது விற்பனை நாளில் பார்க்க வேண்டிய ஒன்றே, ஆனால் பின்னால் நிகழ்ந்தது முன்பிருந்த நிலைக்குச் சாட்சியமாகக் கூடும் என்று நீதிமன்றம் கூறி, வாங்கினவரை ஜெயிக்க வைத்தது. மூன்றே வாரத்தில் சாகிற எஞ்சின், விற்ற நாளிலேயே சாகும் தறுவாயில் இருந்தது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

நான் இந்த வழக்கை மிகவும் முக்கியமானதாகக் கருதுவதற்குக் காரணம் தீர்ப்பு மட்டுமன்று. அது எப்படிக் கிடைத்தது என்பதும்கூட. வண்டியின் முந்திய சொந்தக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறி, தாம் விற்கும்போதே எஞ்சின் தேய்ந்து ஓய்ந்துபோன நிலையில் இருந்தது என்று கூறினார். அத்தகைய சாட்சி எத்தனை பேருக்குக் கிடைப்பார்? முந்திய சொந்தக்காரர் யார் என்பதே வாங்கினவருக்குத் தெரியாத விற்பனைகள் ஏராளம். தெரிந்தாலும், தான் விற்ற வண்டியின் குறையைத் தானே சபையறியச் சொல்ல முன்வருகிறவர்கள் அபூர்வம். நியாயம் ஒரு மனிதருடைய நேர்மையின் தற்செயலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்ட அதிருஷ்டம் வாய்க்காதவர்களின் கதி என்ன என்பதைப் பின்வந்த வழக்குகள் காட்டுகின்றன. 1988-இல் தீர்ந்த வழக்கொன்றில், இரண்டரை வயதும் 37,000 மைலும் ஆன மெர்சிடஸ் கார் 14,850 பவுனுக்கு விற்கப்பட்டு, சுமார் 800 மைல் ஓடியதும் வால்வுகள் எரிந்து எஞ்சின் பழுதாயிற்று. ரிப்பேருக்கு 635 பவுன் ஆயிற்று. பழைய காரில் ஓரளவு தேய்மானம் எதிர்பார்க்கத் தக்கதே என்று கூறி, வாங்கினவருடைய கோரிக்கையை நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1997-இல் வெளிவந்த ஸ்காட்லாந்துத் தீர்ப்பொன்றில், ஏறக்குறைய 80,000 மைல் ஓடிய ரெனோ 19 வண்டியை 2,995 பவுனுக்கு வாங்கிய பெண்மணி, இரண்டே வாரத்தில் கியர் பாக்ஸ் ஓலமிடக் கேட்டார்; அந்த வயது வண்டியில் அது எந்த நேரமும் நிகழக்கூடியதே என்று அவரும் தோற்றார். விலையையும் வயதையும் ஓடிய தூரத்தையும் வைத்துத் தரத்தை அளப்பது நியாயமான அளவுகோல்தான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வயதைச் சொல்லி எல்லாக் குறையையும் மன்னித்துவிடலாம் என்ற மனப்பான்மை அந்த அளவுகோலுக்குள் நுழைந்துவிடுவதே கவலைக்குரியது.

பிரிட்டன் இந்த இடத்தில் நின்றுவிடவில்லை. விற்பனைக்குகந்த தரம் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் திருப்திகரமான தரம் என்று மாறி, நீடித்து உழைக்கும் தன்மையும் அதன் அங்கமாக வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. 2003 மார்ச் முதல், ஐரோப்பியக் கட்டளையொன்றின் பயனாக, முன்னதைவிடப் பெரிய மாற்றம் வந்தது: சரக்கு கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும் குறை, கைக்கு வந்த நாளிலேயே இருந்ததாக அனுமானிக்கப்படும்; இல்லை என்று காட்டும் பாரம் விற்றவரைச் சேரும். இந்த விதி இப்பொழுது 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவில் இருக்கிறது. எண்பதாயிரம் மைல் ஓடிய வண்டியின் எஞ்சின் ஐந்தாவது மாதம் நின்றால், முந்திய சொந்தக்காரரைத் தேடிப் போக வேண்டிய அவசியம் வாங்கினவருக்கு இல்லை. சாதாரணத் தேய்மானமே காரணம் என்றோ, ஓட்டினவர் கவனக்குறைவே காரணம் என்றோ வியாபாரிதான் நிபுணரை அழைத்துக் காட்ட வேண்டும்.

அதே சட்டம் முப்பது நாளைக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறும் உரிமையையும் தருகிறது. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1986-இல் தீர்ந்த வழக்கில், புத்தம் புதிய நிஸ்ஸான் காரின் எஞ்சின், எண்ணெய்க் குழாயில் ஒட்டுப்பசைத் துளி ஒன்று அடைத்துக்கொண்டதால் 140 மைலிலேயே நின்றது. வாங்கி மூன்று வாரம் ஆகிவிட்டமையால் திருப்பும் உரிமை கடந்துவிட்டது என்று நீதிபதி கூறினார். பலருடைய கண்டனத்துக்கு இலக்கான அந்தத் தீர்ப்பின் நிச்சயமின்மைக்குப் பதிலாகத்தான் இன்றைய முப்பது நாள் கணக்கு நிற்கிறது. ரிப்பேருக்கு விட்டிருக்கும் நாட்கள் அதில் சேர்வதில்லை. ஆயினும் நுணுகிப் படிப்பவர் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உள்ளன. முதலாவது, முப்பது நாள் உரிமையைக் கேட்பவருக்கு ஆறு மாத அனுமானத்தின் துணை கிடையாது. பழுது முன்பே இருந்ததென்று அவரே காட்ட வேண்டும். ரிப்பேர் கேட்டு, அந்த ஒரு ரிப்பேரும் பலிக்காமல், பிறகு விலைக் குறைப்போ இறுதி நிராகரிப்போ கேட்பவருக்குத்தான் அனுமானம் துணை நிற்கிறது. இரண்டாவது, பொதுவாக ஆறு மாதத்துக்குள் திருப்பினால் உபயோகித்ததற்காகப் பணத்தில் கழிக்கக் கூடாது என்ற விதிக்கு, மோட்டார் வாகனம் மட்டும் விலக்கு. ஓட்டிய தூரத்துக்கு ஒரு தொகை கழிக்கப்படலாம். இதில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கான மைல் ஓட்டிவிட்டு முழுப் பணமும் கேட்பதும் சரியன்றே.

அனுமானத்தின் வலிமை எவ்வளவு என்பதை ஐரோப்பிய நீதிமன்றம் 2015 ஜூன் மாதத்தில் ஒரு பழைய ரேஞ்ச் ரோவர் வழக்கிலேயே தெளிவாக்கியது. நெதர்லாந்தில் ஒரு பெண்மணி 2008 மே மாதம் மோட்டார் வியாபார நிலையமொன்றில் அந்த வண்டியை வாங்கினார். நான்கு மாதத்துக்குள் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தீப்பற்றி முழுவதும் எரிந்துபோயிற்று. பிறகு அது உடைத்துக் கழிக்கப்பட்டுவிட்டமையால், தீயின் காரணத்தை ஆராய எந்தப் பொருளும் மிஞ்சவில்லை. வாங்கினவர் குறை இருப்பதையும் அது ஆறு மாதத்துக்குள் வெளிப்பட்டதையும் காட்டினால் போதும், காரணத்தையோ அது விற்றவரைச் சேர்ந்தது என்பதையோ நிரூபிக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் தீர்த்தது. சாம்பலைத் தவிர வேறு சாட்சியம் இல்லாத இடத்தில் இருட்டின் நஷ்டத்தை யார் ஏற்பது என்ற வினாவுக்கு இதைவிட நேரான விடை இருக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த ஆறு மாதம் 2022 முதல் ஒரு வருஷமாக நீண்டிருக்கிறது. தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் இதே ஆறு மாத அனுமானம் பழைய கார்களுக்கும் சேர்த்தே அமலில் உள்ளது.

அமெரிக்கா வேறு பாதையில் போயிற்று. அங்கே 1985 முதல் பழைய கார் வியாபாரி ஒவ்வொரு வண்டியின் ஜன்னலிலும், உத்தரவாதம் உண்டா அல்லது இருக்கிற நிலையிலேயே விற்பனையா என்பதை அறிவிக்கும் தாளை ஒட்ட வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலம் அதற்கு மேலும் சென்று, ஓடிய தூரத்தைக் கொண்டு கட்டாய உத்தரவாதத்தையே ஏணிப்படியாக வகுத்திருக்கிறது: 40,000 மைலுக்குக் குறைந்த வண்டிக்கு 90 நாள் அல்லது 3,750 மைல், 80,000 மைலுக்குள் 60 நாள் அல்லது 2,500 மைல், 1,25,000 மைலுக்குள் 30 நாள் அல்லது 1,250 மைல், அதற்கும் மேல் ஓடியதற்கு இந்த உத்தரவாதம் இல்லை. வயதுக்குத் தக்கபடி எதிர்பார்ப்பும் இறங்க வேண்டும் என்ற நியாயம் இங்கே நீதிபதியின் மனோதர்மத்துக்கு விடப்படாமல், வாங்குகிறவரும் விற்கிறவரும் முன்கூட்டியே அறியக்கூடிய எண்ணாக மாறியிருக்கிறது.

இனி நம் நாட்டின் நிலைமை. 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருளைத் தன் வரம்புக்கு வெளியே தள்ளவில்லை. சட்டத்தால் வேண்டப்படும் தரம் மட்டுமின்றி, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ ஒப்பந்தத்தில் அடங்கிய தரத்திலும், வியாபாரி எவ்விதத்திலேனும் கூறிக்கொண்ட தரத்திலும் ஏற்படும் குறைவு குறைபாடாகும் என்று அது வரையறுக்கிறது. "எஞ்சின் ராஜா மாதிரி இருக்கு, சார்" என்று குறுஞ்செய்தியில் வியாபாரி எழுதிய ஒரு வரி, இந்த வரையறையின் கீழ் வெறும் பேச்சல்ல. முறையற்ற வியாபாரப் பழக்கங்களின் பட்டியலில், குறையுள்ள சரக்கை ரசீதில் கண்ட காலத்துக்குள்ளும், காலம் குறிப்பிடாவிட்டால் முப்பது நாளைக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பழைய கார் வாங்குகிறவர்களில் வெகு சிலரே இதை அறிந்திருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது. கொடுத்த விலை ஐம்பது லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். இரண்டு வருஷ அவகாசம் உண்டு. சுயதொழிலால் ஜீவனம் நடத்தவே வண்டி வாங்கினவரும் நுகர்வோரே என்று சட்டம் காப்பதால், டாக்ஸி ஓட்டியும் இதில் அடங்குகிறார்.

ஆனால் நிரூபிக்கும் பாரத்தை மாற்றும் அனுமானம் இதில் எங்கும் இல்லை. பரிசோதனையின்றி அறிய முடியாத குறை என்றால் 38-ஆவது பிரிவின்படி ஆணையம் அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம்; அதற்கான கட்டணத்தை முறையிடுகிறவரையே முதலில் கட்டச் சொல்லலாம். பாட்டிலில் அடைத்த எண்ணெய்க்கும் பொட்டலத்தில் கட்டிய மாவுக்கும் பொருந்துகிற இந்த ஏற்பாடு, மாதிரி எடுத்து முத்திரையிட முடியாத எஞ்சினுக்கு அரைகுறையாகத்தான் பொருந்துகிறது. புதுக் கார் விவகாரங்களிலேயே உச்ச நீதிமன்றம் இந்தக் கஷ்டத்தை உணர்ந்திருக்கிறது: 2006-இல் மாருதி வழக்கொன்றில் ஓர் உறுப்புக் கெட்டதற்காக வண்டி முழுவதையும் மாற்றித் தர உத்தரவிடுவது பொருந்தாது என்றும், 2010-இல் ஃபியட் கார் வழக்கொன்றில் சுயேச்சையான தொழில்நுட்ப நிபுணரின் முடிவைக் கொண்டே பணத்தைத் திருப்பித் தருவது நிர்ணயிக்கப்படும் என்றும் கூறியது. கம்பெனி உத்தரவாதம் உள்ள புது வண்டிக்கே நிபுணர் வேண்டியிருந்தால், பல கை மாறிய வண்டிக்குக் கேட்க வேண்டுமா?

இதற்குமேல் ரசீதின் அடியில் அச்சிட்ட ஒரு வரி இருக்கிறது. வண்டியை இருக்கிற நிலையிலேயே பார்த்துத் திருப்தியடைந்து வாங்கிக்கொண்டேன், பின்னால் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். 2015-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்தின் 31-ஆவது பிரிவு இத்தகைய வாசகத்தை நுகர்வோருக்கு எதிராகச் செல்லாததாக்குகிறது. நம் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62-ஆவது பிரிவோ, உட்கிடை நிபந்தனைகளை உடன்படிக்கையால் நீக்கிக்கொள்ளலாம் என்று இன்றைக்கும் அனுமதிக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற புதிய கருத்தைக் கொண்டுவந்து இதற்குப் பரிகாரம் தேடியது; ஆனால் அந்தப் புகாரை விசாரிக்கும் அதிகாரத்தை மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்குமே கொடுத்தது. மூன்று லட்ச ரூபாய்க்குத் தூத்துக்குடியில் பழைய கார் வாங்கினவர், குறைபாட்டுக்கு உள்ளூர் மாவட்ட ஆணையத்துக்கும், அந்த ஒரு வரியை எதிர்த்து மாநில ஆணையத்துக்கும் போக வேண்டும் என்ற இந்த அமைப்பு, எளியவருக்காக இயற்றிய சட்டத்துக்கு அழகன்று.

வியாபாரியல்லாத தனி மனிதரிடம், தரகர் மூலமாக வாங்கினவருடைய நிலை இன்னும் பலவீனமானது. 16-ஆவது பிரிவின் நிபந்தனைகள் தொழிலாக விற்பவரையே கட்டுப்படுத்துகின்றன. எஞ்சியிருப்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். பொய் சொல்லி விற்றதாகக் காட்டினால் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். வாயைத் திறவாமல் இருப்பது, பேச வேண்டிய கடமை இல்லாத வரையில், மோசடியாகாது. ஆகவே தனியாரிடம் வாங்குகிறவர் கேள்வி கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு கவசம் இல்லை.

எஞ்சின் நின்ற நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏனெனில் நல்ல வழக்குகள் பல பட்டறையிலேயே செத்துப்போகின்றன. வண்டியை இழுத்துக்கொண்டு போனதும், பழகிய மெக்கானிக் அன்றைக்கே ஹெட்டைக் கழற்றி, கெட்ட எண்ணெயை வடித்துக் கொட்டி, உடைந்த உறுப்புகளை இரும்புக் கடைக்குப் போட்டுவிடுகிறார். வேலை சுறுசுறுப்பானதுதான், ஆனால் அதோடு பழுதின் தேதியைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியமும் அழிந்துபோகிறது. பிரிப்பதற்கு முன் விற்றவருக்கு எழுத்து மூலம் அறிவித்து, தம் ஆளை அனுப்பிப் பார்க்கும்படி நாள் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். மீட்டரில் ஓடிய தூரத்தைப் படம் எடுத்து, எண்ணெயில் சிறிது புட்டியில் அடைத்து வைக்க வேண்டும். விற்றவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக் முன்னிலையில் பிரித்து, தாம் கண்டதை, அதாவது ரிங்கின் தேய்மானம், படிந்த சேற்றின் கனம், பெல்ட்டின் வெடிப்பு ஆகியவற்றை, அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். கைக்கொள்ளும் கனத்துக்குச் சேறு படிந்திருந்தால், அது மூன்று மாதத்தில் சேர்ந்ததல்ல என்பதை எந்த ஆணையமும் ஏற்கும். வாங்கிய பிறகு ஆயில் மாற்றிய ரசீதுகளும், எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் வண்டியை நிறுத்தினார் என்பதற்கான ஆதாரமும், எதிர்த்தரப்பு முதலில் கேட்கப்போகும் கேள்விகளுக்கு விடையாகும்.

அரசாங்கம் இத்தொழிலைக் கவனியாமல் இல்லை. 2022 டிசம்பரில் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் அமலான மத்திய மோட்டார் வாகன விதிகள், பழைய வண்டி வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்றிதழ் வழங்கவும், அவர்கள் கையில் இருக்கும் வரை வண்டிக்கு அவர்களையே உரிமையாளராகக் கருதவும், வண்டி போன தூரத்தையும் நோக்கத்தையும் மின்னணுப் பதிவேட்டில் குறிக்கவும் வகை செய்கின்றன. வியாபாரி யார் என்பதும், வண்டி அவரிடம் எந்த நாள் வந்தது என்பதும் இனி மறைவானவை அல்ல. எஞ்சினைப் பற்றி மட்டும் அந்த விதிகள் மௌனமாயிருக்கின்றன.

ஒருவருக்கு மாத்திரமே விசேஷமாகத் தெரிந்த விஷயத்தை அவரே நிரூபிக்க வேண்டும் என்ற தர்மம் நம் சாட்சியச் சட்டத்தின் பழைய 106-ஆவது பிரிவில் 1872 முதலே இருந்து வந்திருக்கிறது. வண்டியைத் தூக்கிப் பார்க்கவும், கம்ப்ரஷன் அளக்கவும், யாரிடம் எந்த நிலையில் வாங்கினோம் என்று அறியவும் வாய்ப்புப் பெற்றவர் வியாபாரிதான். அவர் மேல் பாரத்தை வைக்கும் அனுமானம் ஒன்றை, ஓடிய தூரத்துக்கும் வயதுக்கும் தக்கபடி காலத்தைக் குறைத்துக்கொண்டே போகும் படிகளோடு, நுகர்வோர் சட்டத்தில் சேர்ப்பது நமக்கு அந்நியமான காரியமாகாது. விலை ஏறிவிடும் என்று வியாபாரிகள் ஆட்சேபிப்பார்கள். ஓரளவு ஏறத்தான் செய்யும். ஆனால் அந்த உயர்வு, இப்பொழுது எஞ்சின் போனவர் ஒருவரே தனியாகச் சுமக்கும் நஷ்டத்தை வாங்குகிறவர் எல்லாரும் பகிர்ந்துகொள்வதற்கான விலையேயாகும். பெரிய நிறுவனங்கள் சில, எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் சில மாத உத்தரவாதம் கொடுத்தே இன்று நம் ஊர்களில் பழைய கார்களை விற்றுக்கொண்டிருக்கின்றன. அவ்வளவு பரிசோதனையைத் தாங்காத வண்டியை வைத்திருக்கும் சிறு வியாபாரிக்கும், குறையை இன்னதென்று எழுதிக் காட்டி, அதற்குத் தக விலையைக் குறைத்து விற்கும் வழி, 1965-ஆம் ஆண்டின் ஜாகுவார் தீர்ப்பு திறந்துவிட்டபடியே, திறந்துதான் இருக்கும்.